செயற்கை வைரம் பூசிய மூட்டு ஏன் இன்னும் ஆபரேஷன் தியேட்டருக்கு வரவில்லை?

அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் மாற்றச் சொல்லிவிட்டார்கள், ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை டைட்டேனியம் மேல் பூசி எலும்பு செல்களை விட்டுப் பார்த்ததில் நன்றாக வளர்ந்திருக்கின்றன என்று படித்தேன், வைரம் தேயாது, எதனோடும் வினைபுரியாது, இப்போது விலையும் இறங்கிவிட்டது, அப்புறம் ஏன் எந்த மருத்துவமனையிலும் கிடைக்கவில்லை, இரண்டு வருடம் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வைரத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளுமா என்பது ஒன்று. வைரம் பூசிய ஒரு மூட்டை உடம்பு இருபது வருடம் தாங்குமா என்பது இன்னொன்று. நீங்கள் படித்த செய்தி முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியதோ இரண்டாவது கேள்விக்கான பதில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. உலோகத்தின் மேல் போட்ட பூச்சு ஒட்டியிருக்கிறதா, எப்போது உரியும் என்று சோதிக்கும் வேலையில் பதினேழு வருடம் இருந்தவன். அதனால் அம்மாவின் முழங்காலைப் பற்றி நான் சொல்வதைவிட அவரைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதற்குத்தான் மதிப்பு.

முதல் கேள்வியை விரைவாக முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பெரிய சண்டை இல்லை. வைரம் என்பது கார்பன். உடலின் உப்புநீரில் அது கரையாது, அயனி எதையும் விடாது. மருத்துவப் பொருள்களுக்கான சர்வதேசத் தர விதிகளில் ஐஎஸ்ஓ 10993 என்ற தொகுதியின் ஐந்தாம் பாகத்தில் உள்ள நச்சுத்தன்மைச் சோதனையில், பூசிய துண்டை செல் வளர்ப்புத் திரவத்தில் 37 டிகிரியில் ஊறவைத்து, அந்தத் திரவத்தை எடுத்து எலியின் செல்கள்மேல் ஊற்றுவார்கள். உயிரோடிருக்கும் செல்களின் அளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு. வைரப் பூச்சு இதில் தேறும், தேறாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஒன்றை யோசியுங்கள், ஒரு நல்ல கண்ணாடித் துண்டும் இதில் தேறிவிடும். அதற்காகக் கண்ணாடியில் யாரும் முழங்கால் செய்வதில்லை.

எலும்பு செல்கள் நன்றாக வளர்ந்தன என்ற பகுதி இன்னும் கொஞ்சம் சிக்கலானது. ஆஸ்திரேலியாவில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கேட் ஃபாக்ஸ் குழுவினர் 2018-இல் முப்பரிமாண அச்சில் செய்த டைட்டேனியம் மேல் வைரம் பூசிக் காட்டினார்கள், நீங்கள் படித்தது அநேகமாக அதைப் பற்றித்தான் இருக்கும். நல்ல வேலை. செக் நாட்டில் பிராகிலும், அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்திலும், பர்மிங்ஹாம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்திலும் இதே பாதையில் பல வருடம் வேலை நடந்திருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால் தெரிவது, 'வைரம்' என்று ஒரே ஒரு பொருள் இல்லை என்பதுதான். படிகத் துகள் நானோமீட்டர் அளவில் பொடியாக இருந்தால் செல்கள் ஒட்டிப் படர்கின்றன, மைக்ரோமீட்டர் அளவில் கூர்முனைகளோடு இருந்தால் தயங்குகின்றன. மேற்பரப்பின் கடைசி அடுக்கில் ஆக்சிஜன் இருந்தால் தண்ணீர் பரவும், செல்லும் உட்காரும். அங்கே ஹைட்ரஜன் இருந்தால் தண்ணீர் தாமரை இலையில் போல ஒதுங்க ஆரம்பிக்கும், செல்லும் பல சோதனைகளில் பின்வாங்கியிருக்கிறது. பூச்சு உலையிலிருந்து வெளியே வரும்போது ஹைட்ரஜனோடுதான் வரும். ஆக, பூசி முடித்த பிறகு அதை எப்படிக் கழுவினார்கள், ஆக்சிஜன் பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றிய ஆக்சிஜன் வாயுவில் வைத்தார்களா என்பதெல்லாம் முடிவை மாற்றிவிடும். எதோடு ஒப்பிட்டார்கள் என்பதும் முக்கியம். வெறும் டைட்டேனியத்தோடு ஒப்பிட்டு ஜெயித்த பூச்சு, மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய டைட்டேனியத்தோடு நிற்க வைத்தால் ஜெயிக்குமா என்பது வேறு கேள்வி.

செல் எண்ணும் சோதனையிலேயே ஒரு குழி இருக்கிறது. எம்டிடி என்று ஒரு மஞ்சள் சாயம், உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும், ஊதா எவ்வளவு அடர்த்தி என்று அளந்து எத்தனை செல் பிழைத்தன என்று சொல்வார்கள். தட்டையான பூச்சுக்கு இது பரவாயில்லை. துகளாகப் போட்டுச் சோதிக்கும்போது, கார்பன் துகள் தானே சாயத்தைப் பிடித்துக்கொள்ளலாம், ஒளியையும் மறைக்கலாம், சில சமயம் செல்லே இல்லாமல் நிறம் மாறும். அதனால் செல் போடாத குழியில் துகளை மட்டும் போட்டும் அளந்தார்களா என்று பார்க்காமல் நான் எந்தக் கட்டுரையையும் நம்புவதில்லை. இன்னொன்று, பாக்டீரியாவின் உடைந்த சுவர்த் துணுக்குகள் துகள்மேல் ஒட்டியிருந்தால் நோயெதிர்ப்பு செல்கள் கொதித்தெழும், பழி துகள்மேல் விழும். இது வைரத்துக்கு மட்டுமான சிக்கல் இல்லை, டைட்டேனியத் துகளிலும் இதனால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவுகள் முரண்பட்டிருக்கின்றன.

துகளைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையின் மிகப் பழைய பாடம் அதுதான். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இன்றைய இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு அடித்தளம் போட்டவர். 1950களின் கடைசியில் அவர், தொடை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணத்துக்குத் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். வழுக்கும், எதனோடும் வினைபுரியாது, உடம்புக்கு ஏற்றது என்று எல்லோரும் நம்பிய பொருள். கட்டியாக இருந்தவரை அது உண்மையும்கூட. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்து பொடி பொடியாகி, அந்தப் பொடியைச் சுற்றி திசு வீங்கி, எலும்பு அரிக்கப்பட்டு, சுமார் 300 பேருக்குப் போட்ட மூட்டுகள் தோற்றன. மனிதர் டெஃப்லான் பொடியையும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் பொடியையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு எது அதிகம் வீங்குகிறது என்று பார்த்தார். 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அந்தப் பாலிஎத்திலீனும் முற்றிலும் தப்பவில்லை. மைக்ரோமீட்டர் அளவுள்ள பொடியை மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் விழுங்கும், ஜீரணிக்க முடியாமல் அழற்சிச் சமிக்ஞைகளைக் கொட்டும், அதைக் கேட்டு எலும்பைத் தின்னும் செல்கள் கிளம்பும், மூட்டு ஆட்டம் காணும். கிருமி எதுவும் இல்லாமலே பல் ஆடுவது போல மூட்டு ஆடுவது இப்படித்தான். தேயாத ஒரு பொருளைத் தேடி மனிதர்கள் வைரத்திடம் போனதற்கும் இதுதான் காரணம்.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். வைரத்துக்குச் சித்தி மகன் போல ஒரு பொருள் உண்டு, டிஎல்சி என்பார்கள், வைரம் போன்ற கார்பன். படிகம் இல்லை, வைரப் பிணைப்பும் கிராஃபைட் பிணைப்பும் கலந்து கிடக்கும் ஒரு படலம், கொஞ்சம் ஹைட்ரஜனும் இருக்கலாம். குறைந்த வெப்பத்தில் பூசலாம் என்பது அதன் பெரிய வசதி. சவர பிளேடு, கார் எஞ்சின் உறுப்புகள் என்று அது எங்கும் இருக்கிறது. 1993-க்கும் 1995-க்கும் நடுவே டிஎல்சி பூசிய டைட்டேனியப் பந்துகளை இடுப்பு மூட்டில் 101 பேருக்குப் பொருத்தினார்கள். ஜெர்மனியில் எஸ்ஸென் மருத்துவமனைக் குழு அவர்களைத் தொடர்ந்து பார்த்து, அலுமினா செராமிக் பந்து போட்டவர்களோடு ஒப்பிட்டு, 2003-இல் வெளியிட்டது. முதல் ஒன்றரை வருடம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. அந்தச் சமயத்தில் யாராவது கட்டுரை எழுதியிருந்தால் வெற்றி என்றுதான் எழுதியிருப்பார்கள். எட்டரை வருடத்தில் டிஎல்சி பந்து போட்டவர்களில் 45 சதவீதம் பேருக்கு மறுபடியும் அறுவை செய்ய வேண்டி வந்தது. எடுத்த பந்துகளில் அங்கங்கே குழி. பூச்சு புள்ளி புள்ளியாக உரிந்து, அந்தக் கெட்டித் துணுக்குகள் நடுவில் மாட்டி, கீழே இருந்த மென்மையான டைட்டேனியத்தைத் தேய்த்திருந்தன. கார்பனை உடம்பு வெறுத்ததால் இது நடக்கவில்லை. பூச்சு உலோகத்தைக் கைவிட்டதால் நடந்தது.

ஏன் கைவிட்டது என்பதற்குச் சுவிட்சர்லாந்தில் எம்பா ஆய்வு நிறுவனத்தில் ரோலண்ட் ஹவர்ட் குழுவினர் அப்படித் தோற்று வெளியே எடுத்த டிஎல்சி பந்துகளில் சிலவற்றை ஆராய்ந்து சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நான் கண்ணால் பார்த்ததோடு அது பொருந்துகிறது. கார்பன் நேராக உலோகத்தில் சரியாக ஒட்டாது என்பதால் நடுவில் மெல்லிய சிலிக்கான் படலம் போன்ற ஒன்றைப் போடுவார்கள். சுவருக்கு பெயின்ட் அடிக்கும் முன் பிரைமர் அடிப்பது போல. பூச்சில் எங்காவது ஒரு ஊசி முனை ஓட்டை இருந்தால் உடல் திரவம் உள்ளே போகும், அந்த இடுக்கில் நடுப்படலம் மெல்ல மெல்ல அரிக்கப்படும், விரிசல் வருடத்துக்கு இவ்வளவு என்று ஊர்ந்துகொண்டே போகும். மேலே இருக்கும் கார்பனுக்கு ஒரு கீறலும் இருக்காது. அடியில் பிடிமானம் போயிருக்கும்.

நான் பார்த்தது இது. ஒட்டுதலைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு, கூம்பு முனையுள்ள வைர ஊசியை 150 கிலோ எடையில் பூச்சின் மேல் அழுத்தி எடுத்து, குழியின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்ப்பது. நல்ல பூச்சில் குழியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் சூரியக் கதிர் மாதிரி போகும், அவ்வளவுதான். மோசமானதில் குழியைச் சுற்றி வெள்ளி வளையம் போல உலோகம் பளபளக்கும், அதாவது பூச்சு செதிலாகப் பறந்துவிட்டது. ஒரு முறை ஒரு தொகுதி சாம்பிள்கள் வந்தன, எல்லாமே முதல் தரம், நானே கையெழுத்துப் போட்டேன். குத்திப் பார்த்த துண்டுகளில் மூன்றை மூடி போட்ட பாட்டிலில் உப்புக்கரைசலில் போட்டு 37 டிகிரி அலமாரியில் வைத்திருந்தோம், உண்மையில் மறந்துபோயிருந்தோம். ஏழெட்டு மாதம் கழித்து அலமாரியைக் கழுவ வந்த பையன் "சார், இதுக்குள்ள ஜிகினா கெடக்குது" என்றான். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் பாட்டிலின் அடியில் கறுப்பு மினுமினுப்பு. அன்று முதல் தரமாக இருந்த குழியின் விளிம்பிலிருந்து பூச்சு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உரிந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, தேய்க்கவில்லை. வெறும் உப்புத்தண்ணீரும் நேரமும்.

இதனால்தான் நடைச் சோதனை எந்திரத்தின் எண்களை நான் கொஞ்சம் தள்ளிவைத்தே படிக்கிறேன். ஐஎஸ்ஓ 14242 படி இடுப்பு மூட்டை ஒரு எந்திரத்தில் மாட்டி, மாட்டு ரத்தத்தின் சீரத்தில் முக்கி, உச்சத்தில் 3000 நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ பாரம் கொடுத்து, நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் 50 லட்சம் சுற்று ஓட்டுவார்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் அடி என்று வைத்தால் ஐந்து வருட நடை. ஆனால் எந்திரத்துக்கு அது இரண்டு மாத வேலை. நடையை வேகப்படுத்தலாம், இடுக்கில் நடக்கும் அரிப்பை அதே கணக்கில் வேகப்படுத்த முடியாது. ஐந்து வருடத் தேய்மானத்தைப் பார்த்துவிட்டோம், இரண்டு மாத வேதியியலைத்தான் பார்த்திருக்கிறோம். டிஎல்சி பந்துகளின் கதையை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள், எங்கே கோட்டைவிட்டோம் என்று புரியும்.

சரி, டிஎல்சி வேறு, நிஜ வைரம் வேறு, அதற்கு ஏன் இதைச் சுமத்துகிறாய் என்று கேட்கலாம். நியாயம்தான். நிஜ வைரம் இன்னும் கெட்டி, டைட்டேனியத்தின் மேல் வளரும்போது எல்லையில் டைட்டேனியம் கார்பைடு தானாகவே உருவாகி வேர்விட்டது போலப் பிடித்துக்கொள்ளும், அது நல்ல விஷயம். ஆனால் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. மீத்தேன் கொஞ்சமும் ஹைட்ரஜன் நிறையவும் கலந்து பிளாஸ்மா மூட்டி 700, 800 டிகிரியில் வளர்க்க வேண்டும். குளிரும்போது டைட்டேனியம் நிறையச் சுருங்கும், வைரம் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. இரண்டின் விரிவுக் குணகங்களையும் வைரத்தின் விறைப்பையும் வைத்து ஒரு கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாலே பூச்சுக்குள் ஏழு கிகாபாஸ்கல் போல அழுத்தம் உறைந்து நிற்கிறது என்று வரும். டைட்டேனியக் கலவை வளைந்துகொடுக்கத் தொடங்கும் அழுத்தத்தைப் போல ஏழெட்டு மடங்கு. ஒருவரும் மிதிக்கும் முன்பே பூச்சு உரிந்து எழத் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. போதாக்குறைக்கு அந்த வெப்பத்தில் டைட்டேனியம் ஹைட்ரஜனைக் குடித்து நொறுங்கும் தன்மை பெறலாம். முழங்காலின் மேல்பாகம் பெரும்பாலும் கோபால்ட் குரோமியம். அங்கே நிலைமை இன்னும் மோசம், கோபால்ட் கார்பனைக் கிராஃபைட்டாக மாற்றும் வேலையைச் செய்யும், வைரம் வளர வேண்டிய இடத்தில் புகைக்கரி படியும். தடுக்க மறுபடியும் ஒரு நடுப்படலம், அதாவது பழைய கதைக்கே திரும்பி வந்தோம்.

மேற்பரப்பும் பிரச்சினை. செராமிக் பந்தின் சராசரி சொரசொரப்பு 20 நானோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி. பெரிய படிக வைரம் அப்படியே இருந்தால் பாலிஎத்திலீனுக்கு எதிரே உப்புத்தாள்தான், சீவித் தள்ளிவிடும். மெருகேற்றலாம் என்றால் வைரத்தை வைரத்தாலேயே தேய்க்க வேண்டும், முழங்காலின் வளைவில் அது லேசான காரியம் இல்லை. நானோ வைரம் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வழவழப்பாகவே வரும் என்பதால்தான் எல்லோரும் அதன் பின்னால் போகிறார்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொன்னால், வைரம் செல்லைக் கொல்லாது, நல்ல பூச்சு ஒழுங்காக ஒட்டியிருக்கும்வரை குறைவாகத் தேயும், ஆய்வகத்தில் இரண்டு வைரப் பரப்புகளை உரசினால் உராய்வும் மிகக் குறைவு. சந்தேகத்துக்கு இடமுள்ளவை என்று நான் வைத்திருப்பது, அது எலும்பை டைட்டேனியத்தைவிட நன்றாகப் பிடிக்க வைக்கிறதா என்பதும், பாக்டீரியா குறைவாக ஒட்டும் என்று சொல்வதும். பாக்டீரியா விஷயத்தில் தட்டில் சில மணி நேரம் பார்த்ததை வைத்து மனித உடலில் வருடக் கணக்கில் கிருமி வராது என்று தாவ முடியாது. உரிந்த வைரத் துணுக்கு உடம்பில் என்ன செய்யும் என்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பொடியாகச் செலுத்திய நானோ வைரத்தை உடம்பு பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது என்பது ஆறுதல்தான், ஆனால் பிளாஸ்டிக்கில் புதைந்து எதிர்ப் பரப்பைச் சீவும் துணுக்கின் தீங்கு நச்சுத்தன்மையில் இல்லை, கூர்மையில் இருக்கிறது. என் தனிப்பட்ட கணிப்பு, வைரம் முதலில் வருவதானால் உரசும் பரப்புக்கு வராது, எலும்புக்குள் நிற்கும் பகுதிக்குத்தான் வரும். அங்கே மெருகு வேண்டாம், உரசலும் இல்லை. ஆர்எம்ஐடி வேலையும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது. சென்னை ஐஐடியில் 2023-இல் தொடங்கிய ஆய்வக வைர மையத்துக்கு ஐந்து வருடத்துக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் அதன் முதல் நோக்கம் நகைத் தொழிலுக்கான வைரமும் அதை வளர்க்கும் எந்திரங்களும்தான், மூட்டு இல்லை.

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருடத்தில் இது வராது. வந்தாலும் அம்மாவின் காலில் முதலில் போட்டுப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன், எட்டரை வருடக் கதையைப் படித்துவிட்டு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இதற்குள் பழைய பொருள்களும் சும்மா இருக்கவில்லை. குறுக்குப் பிணைப்பு கூட்டிய, அதாவது மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிக் கெட்டியாக்கிய பாலிஎத்திலீன் 1990களின் கடைசியில் வந்த பிறகு, குறிப்பாக இடுப்பு மூட்டில், தேய்மானம் வெகுவாக இறங்கிவிட்டது. வைரம் தீர்க்க வந்த பிரச்சினையே சுருங்கிப்போனது. 2019-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு மூட்டு மாற்ற அறுவைகளின் தேசியப் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்கில், முழு முழங்கால் மாற்றங்களில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்கும் என்று வந்தது. அந்த முழங்கால்கள் இன்றைக்கு இருப்பதைவிடப் பழைய ரகம். மறு அறுவைக்கும் தேய்மானம் மட்டும் காரணம் இல்லை, கிருமித் தொற்றும், மூட்டு சரியான கோணத்தில் உட்காராததும் பெரிய காரணங்கள். எந்தப் பூச்சும் அவற்றைச் சரிசெய்யாது.

டாக்டரிடம் போகும்போது என்ன பொருள் என்பதைவிட, இந்த மாடல் எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள், ஏதாவது தேசியப் பதிவேட்டில் இதற்குப் பத்து வருட எண் இருக்கிறதா, வருடத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். தங்க நிறத்தில் பூசிய முழங்கால் ஒன்றைக் காட்டி விலை அதிகம் சொன்னால் அது பெரும்பாலும் டைட்டேனியம் நைட்ரைடு வகைப் பூச்சு, வைரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அம்மாவுக்கு நிக்கல் ஒவ்வாமை, அதாவது கவரிங் நகை போட்டால் தோல் அரித்துப் புண்ணாகும் பழக்கம் இருந்தால் அதை மறக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள், அப்போது அந்தப் பூச்சைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு. இல்லையென்றால் அந்தக் காசை அறுவைக்குப் பிறகு வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுங்கள்.